மறு: அனியூரிசம், காயிலிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பங்களுக்கான மருத்துவக் கையேட்டில் 'எண்டோவாஸ்குலர் காயிலிங்' (மூளை ரத்தக்குழாயில் பிதுங்கிய இடத்துக்குள் உலோகச் சுருள் வைக்கும் சிகிச்சை) இன்னும் தமிழாகாமல் அப்படியேதான் நிற்கிறது. முந்தைய மடல்களில் வந்த சொற்களைப் பற்றி என் கருத்து:

> அனியூரிசம் = மூளை இரத்தக்குழாய் வீக்கம்

வீக்கம் வேண்டாம் ஐயா. மூளை வீக்கம் என்றால் மூளையே நீர்கோத்துப் பருப்பது. அனியூரிசம் வெடித்தவருக்கு அதுவும் வரலாம். ஒரே தாளில் இரண்டுக்கும் ஒரே சொல்லா? வீக்கம் என்று கேட்டதுமே நம்மவர்கள் தைலம் தேடுவார்கள், தானாக வற்றிவிடும் என்று காத்திருப்பார்கள். இது தமனிச் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய்) சுவர் நலிந்த இடத்தில், பெரும்பாலும் மூளைக்கு அடியில் தமனிகள் கிளை பிரியும் இடத்தில், தேய்ந்த டயரில் சைக்கிள் டியூப் பிதுங்குவதுபோல் வெளியே தள்ளுவது. 'தமனிப் புடைப்பு' சரியாக இருக்கும்.

> மினிமலி இன்வேசிவ் = குறை ஊடுருவல்

ஊடுருவல் எல்லைக் காவல்படைக்காரர் சொல். அதற்கு முன்னால் 'குறை' சேர்ந்தால் ஏதோ குறையுள்ள சிகிச்சை என்று படிப்பார்கள். இதற்குத் தனிச்சொல்லே தேவையில்லை. "மண்டையைத் திறப்பாங்களா?" என்றுதான் வீட்டார் கேட்பார்கள், 'மண்டையைத் திறக்காமல்' என்று எழுதிவிட்டால் போதும்.

> காயிலிங் = நாளவழிச் சுருளடைப்பு

யாழ்ப்பாண நண்பருக்கே தெரியும், இலங்கைப் பாடநூலில் நாளம் என்றால் சிரை, அதாவது இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய். இங்கே குழாய் போவது தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக. ஆகவே 'தமனிவழி'. (அந்தக் குழாயை 'வடிகுழாய்' என்று எழுதியிருக்கிறார்கள். சிறுநீர்க் குழாய்க்கு அது பொருந்தும். இதில் எதுவும் வடிவதில்லை. 'நுழைகுழாய்' எனலாம்.)

'சுருள்' பொருத்தமான சொல். இத்தாலிய மருத்துவர் குலியெல்மி 1990இல் முதன்முதலாக நோயாளிக்கு வைத்தது பிளாட்டினச் சுருள்தான். எக்ஸ்-ரே திரையைப் பார்த்தபடி அதைப் புடைப்புக்குள் தள்ளி, மெல்லிய மின்னோட்டம் கொடுத்தால் கம்பியிலிருந்து கழன்று உள்ளேயே தங்கிவிடும். பல சுருள்கள் சேர்ந்ததும் உள்ளே ரத்தம் உறைந்துபோகும், புதிய ரத்தம் பாயாது.

சிக்கல் 'அடைப்பு' என்பதில்தான். அடைப்பு என்றால் மாரடைப்பு. தமனியை அடைக்கப் போகிறோம் என்று சம்மதப் பாரத்தில் இருந்தால் எந்த மகன் கையெழுத்துப் போடுவான்? தமனி திறந்தே இருக்க வேண்டும். புடைப்பு மட்டுமே நிரம்ப வேண்டும். அதனால் என் பரிந்துரை 'தமனிவழிச் சுருள்நிரப்பல்'. நீளம்தான், ஆனால் எந்த வழியாக, எதைக் கொண்டு, என்ன செய்கிறார்கள் என்பது மூன்றும் அதில் இருக்கிறது.

கையேட்டில் உள்ள 'எளிய சிகிச்சை' என்ற அடைமொழியையும் எடுத்துவிடுங்கள். வெடித்த புடைப்புள்ள 2143 பேரை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வு 2002இல் வெளியானது. ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்ந்தவர்களும், சுருள் வைத்தவர்களில் சுமார் 24 விழுக்காடு, மண்டையைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கவ்வி (கிளிப்) போட்டவர்களில் சுமார் 31 விழுக்காடு. சுருளுக்குச் சாதகம்தான், ஆனால் நாலில் ஒருவர் நிலை அதுவாக இருக்கும்போது எளிது என்று எப்படி எழுதுவது? சுருள் வைத்தவர்களுக்குப் பின்னாளில் மறுபடி சிகிச்சை தேவைப்படுவதும் கூடுதல்.

அப்புறம், 'ஃப்ளோ டைவர்ட்டர்' பாக்கி இருக்கிறது. அது புடைப்புக்குள் போவதே இல்லை. தமனிக்குள் படுத்து, ரத்தத்தைப் புடைப்பின் வாயைக் கடந்து போகவைக்கும் நெருக்கமான வலைக்குழாய். 'ஓட்டமாற்றி' என்றால் மின்சாதனம்போல் இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.