பழைய பிக்கப்புக்குத் தட்டைத் தளம் கட்டியவர்களின் அனுபவம்

அடிப்பகுதி துருவேறிச் சல்லடையாகிவிட்ட பின்தொட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பக்கச்சுவர் இல்லாத தட்டைத் தளம் ஒன்றை என் பழைய பிக்கப்புக்கு நானே அமைத்தேன். இரண்டு முறை அமைத்தேன் என்பதுதான் உண்மை. முதல் தளம் ஓராண்டுகூடத் தாங்கவில்லை.

அப்போது எனக்கு வலிமையைப் பற்றி மட்டுமே கவலை இருந்தது. 3 அங்குலச் சி சேனல்கள் (சி வடிவ இரும்புச் சட்டங்கள்) இரண்டை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் மீது நேராகப் படிய வைத்து, போல்ட் போட்டு அசையாமல் இறுக்கி, குறுக்கே எல் வடிவ இரும்பு ஆங்கிள்களைப் பற்றவைத்து, மேலே 3 மில்லிமீட்டர் செக்கர் தகடு (மேடு பதித்த இரும்புத் தகடு) விரித்தேன். அத்தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோ எடை கொண்டது, 4.5 சதுர மீட்டர் தளத்துக்குத் தகடு மட்டுமே 100 கிலோவைத் தாண்டியது. அவ்வளவும் ஏற்றக்கூடிய சுமையிலிருந்து கழிய வேண்டியது என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு நாள் வண்டியைக் கழுவும்போது, கேபினுக்குப் பின்னால் உள்ள முதல் குறுக்குச்சட்டத்தின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போன்ற செம்பழுப்புக் கோடு தெரிந்தது. பெயிண்ட் கீறல் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன், நகம் சிக்கியது. விரிசல்தான்.

ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சேஸிஸ் சற்று முறுக்கிக்கொள்ளும். தளம் அதற்கு இடங்கொடாமல் விறைத்து நின்றால், அந்த விசை முழுவதும் தளத்தின் முன்முனை இணைப்புகளில் வந்து குவியும். ஆகவே இரண்டாம் முறை சேஸிஸுக்கும் சேனலுக்கும் இடையே கெட்டியான மரச்சட்டம் கொடுத்து, பின்முனையை மட்டும் இறுக்கமாகப் பிணைத்து, முன்முனைப் போல்ட்டுகளுக்கு அடியில் வலுவான சுருள் ஸ்பிரிங் வைத்தேன். சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடவில்லை, அதன்மேல் வெல்டிங்கும் வைக்கவில்லை. தகட்டுக்குப் பதில் பலகை போட்டேன். இன்றுவரை விரிசல் இல்லை.

---

மேலே எழுதியவரைப் போல நானும் பலகைத் தளம் போட்டவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய தொட்டியில் விளக்குகளுக்கான எர்த், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி, இரும்பு உடல் வழியாகவே கிடைத்துவந்தது. நான் விளக்குகளை மரச்சட்டத்தில் பொருத்தியதால் அது அறுந்துபோயிற்று. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தது. இரண்டு நாள் பல்புகளையே மாற்றிக்கொண்டிருந்தேன்! விளக்கிலிருந்து சேஸிஸுக்குத் தனி எர்த் வயர் இழுத்து, பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் முறுக்கியதும் சரியாயிற்று.

---

மேலே எழுதிய இருவரையும் போலன்றி, என் தவறு உயரத்தில் நேர்ந்தது. தளம் தாழ்வாக இருந்தால் சுமை ஏற்றுவது எளிது என்று நினைத்து, நின்ற வண்டியில் டயருக்கு மேலே நான்கு விரல் இடைவெளி போதுமென முடிவு செய்தேன். சுமையோடு முதல் மேட்டில் ஏறி இறங்கியதுமே டயர் குறுக்குச்சட்டத்தில் உரசிப் புகைந்தது. ஸ்பிரிங் பட்டை முழுதாக அமுங்கும்போது அச்சு எவ்வளவு மேலேறுகிறது என்பதை அளந்த பிறகே உயரத்தை முடிவு செய்திருக்க வேண்டும்.