ஐயாவின் டிரங்குப் பெட்டியில் பினாங்கு ராட்சசக் காமிக்ஸ்: எப்படிப் பாதுகாப்பது?

பள்ளத்தூர் வளவு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூரில் எங்களுடையது பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வீடு. நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன், வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போவோம். போன மழையில் இரண்டாம் கட்டில் ஓடு விலகி ஒழுகியதால் எங்கள் புள்ளிக்கு (குடும்பப் பங்குக்கு) உள்ள அறையை முழுதாகக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பெட்டகத்துக்குப் பின்னால் ஐயாவின் (அப்பாவின் அப்பா) தகர டிரங்குப் பெட்டி இருந்தது. மேலே வட்டிக்கடைப் பேரேடு நாலு, ஒரு பிஸ்கட் டின் நிறையத் துருப்பிடித்த சாவிகள். அடியில், சீனப் பத்திரிகைத் தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிய ஒரு கட்டு. பிரித்தால் 23 காமிக்ஸ் புத்தகங்கள்.

ஐயா கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனது பினாங்குக்கு. 1962-இல் கணக்கு முடித்து ஊருக்கு வந்தபோது இதையெல்லாம் கொண்டுவந்தார் என்கிறார் அப்பச்சி, அதாவது என் அப்பா. அப்போது அவருக்கு ஒன்பது வயது. ஐயாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. அட்டைப் படத்தைப் பார்த்தே வாங்கியிருக்கிறார். பிள்ளை பயப்படவும் வேண்டும், கீழே வைக்காமல் பார்க்கவும் வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. எல்லாம் ராட்சசன்கள்: மரம் நடந்து வருகிறது, கடலிலிருந்து ஏதோ எழுந்து வருகிறது, ஒரு டிராகன் டிரவுசர் போட்டுக்கொண்டு நகரத்தை மிதிக்கிறது. முதல் பக்க மூலையில் அப்பச்சி பென்சிலால் தன் பெயரை எழுதி, ‘மூன்றாம் வகுப்பு’ என்றும் போட்டிருக்கிறார். சில புத்தகத்தில் ‘நான்காம் வகுப்பு’.

வண்ணத்தில் உள்ளவை 14. ‘ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்’, ‘டேல்ஸ் டு அஸ்டானிஷ்’, ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’, ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ என்று நாலு பெயர்கள்தான் மாறி மாறி வருகின்றன. அட்டையில் மாதம் இல்லை. விலை 9டி என்று இருக்கிறது. இன்னும் 5 புத்தகங்கள் தடிமனாக, உள்ளே கறுப்பு வெள்ளையில். மீதி 4-க்கு அட்டையே இல்லை.

வீட்டுச் சாமான் வாங்க வருகிறவர் ஒருவர், “அட்டையை மட்டும் கிழித்துக் கொடுங்கள், ஃபிரேம் போட்டால் ஓட்டல்களில் வாங்குவார்கள், உள்பக்கம் வேண்டாம்” என்றார். அப்பச்சி ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தம்பி நல்லெண்ணத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துப்போய் ஒரு கடையில் அட்டையை லேமினேஷன் செய்து வந்துவிட்டான். முதுகில் இருந்த பின் இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். தாள்கள் தனித்தனியாக வந்துவிட்டன, அட்டைக்குள் குமிழ் குமிழாகக் காற்று நிற்கிறது. அதைப் பார்க்கவே மனது கேட்கவில்லை. மீதி 22-க்கும் அந்தக் கதி வரக் கூடாது.

விற்கும் எண்ணம் இல்லை. இவை என்ன, எந்த வருடத்தவை என்று தெரிய வேண்டும். என் மகளுக்கு ஏழு வயது. அவளும் கையில் எடுத்துப் படிக்க வேண்டும். அதற்கு என்ன வழி?

இரும்புக்கை ரசிகன், காரைக்குடி:

தம்பி, முதல் வேலையாக அந்த 23-ஐயும் ஒன்றாகவே வையுங்கள். ஒன்றைக்கூடப் பிரிக்க வேண்டாம். முப்பது வருடமாகச் சேர்க்கிறேன். எங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவில் ஏறி இறங்காத பழம்பொருள் கடை இல்லை. பீங்கான், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் எல்லாம் கிடைக்கும். வாங்கியவர் யார், படித்தவர் யார், எந்த வருடம் ஊருக்கு வந்தது என்று தெரிந்த காமிக்ஸ் கட்டு ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

எனக்கு ஆரம்பம் எல்லோரையும் போல முத்து காமிக்ஸ்தான். 1972-இல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’ வந்ததே, அதிலிருந்து பிடித்த பைத்தியம். அதைப் பின்தொடர்ந்து போய்த்தான் இந்த அமெரிக்க ராட்சசக் கதைகளுக்கு வந்தேன்.

நீங்கள் சொன்ன நாலு பெயரும் ஒரே கம்பெனியுடையவை. பின்னாளில் மார்வெல் என்று உலகம் முழுக்கத் தெரிந்ததே, அதேதான். 1957-இல் அவர்களுடைய விநியோகஸ்தர் கைவிட்டுப் போக, போட்டிக் கம்பெனியின் தயவில் மாதம் எட்டுப் புத்தகம் மட்டும் போடலாம் என்ற நிலை வந்தது. அந்த நெருக்கடியில் பிறந்தவை இந்த ராட்சசன்கள். பெரும்பாலான இதழ்களில் ஒரே கட்டமைப்புதான் இருக்கும். முதலில் ஜாக் கிர்பி வரைந்த பிரம்மாண்டமான பூதம், நடுவில் டான் ஹெக் மாதிரி ஒருவர், கடைசியில் ஸ்டீவ் டிட்கோவின் ஐந்து பக்கக் கதை. டிட்கோ கதைகளைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். அதில் ராட்சசன் இருக்காது. வியர்த்த முகமும் முறுக்கிய விரல்களுமாக ஒரு சாதாரண மனிதன், கடைசிக் கட்டத்தில் அவன் செய்த பாவம் அவனிடமே திரும்பி வரும். எனக்கு அதுதான் உயிர். நடுவே படமே இல்லாமல் எழுத்து மட்டும் உள்ள பக்கங்கள் வரும். சலுகைத் தபால் கட்டணத்துக்காகச் சேர்த்தவை அவை, கிழிந்து ஒட்டியது என்று நினைத்துவிடாதீர்கள்.

வருடம் பார்ப்பது எளிது. அட்டையைப் பார்க்காதீர்கள், முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். பெயர், இதழ் எண், மாதம், வருடம் எல்லாம் அதில் உண்டு. 9டி என்றால் ஒன்பது பென்ஸ். அமெரிக்காவில் அதே அச்சில், பத்து சென்ட் விலையை மட்டும் மாற்றிப் பிரிட்டனுக்கென்று அடித்த படிகள். 1960-இல்தான் அப்படி அடிக்கத் தொடங்கினார்கள். போய்ச் சேர நாளாகும் என்பதால் அட்டையில் மாதத்தை எடுத்துவிடுவார்கள். சில பேர் இதை மறுபதிப்பு என்று சொல்லி மட்டம் தட்டுவார்கள், நம்பாதீர்கள். இது முதல் அச்சுதான்.

நடந்து வரும் மரம் ‘டேல்ஸ் டு அஸ்டானிஷ்’ 13-ஆம் இதழாக இருந்தால் நவம்பர் 1960. அந்த மரத்தின் பெயர் க்ரூட். இன்றைக்குச் சினிமாவில் குழந்தைகள் கொஞ்சுகிறார்களே, அவரேதான், அன்றைக்கு வில்லன். டிரவுசர் போட்ட டிராகன் ஃபின் ஃபாங் ஃபூம், ‘ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்’ 89, அக்டோபர் 1961. அதன் அட்டையில் எம்சி என்று சின்னதாக ஒரு பெட்டி இருக்கிறதா பாருங்கள். மார்வெல் காமிக்ஸ் என்பதன் சுருக்கம், அந்த வருட நடுவில்தான் போடத் தொடங்கினார்கள்.

அடுத்த மாதமே, நவம்பர் 1961 தேதியிட்டு, ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர் ஹீரோக் கதை வந்துவிட்டது. அப்புறம் ராட்சசன்கள் குடியிருந்த வீட்டுக்குள் சூப்பர் ஹீரோக்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆகஸ்ட் 1962-இல் ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 83-இல் தோர், மார்ச் 1963-இல் ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ 39-இல் அயர்ன் மேன். உங்கள் ஐயா கப்பல் ஏறியது அந்தக் கதவு சாத்துகிற நேரத்தில். அதனால்தான் கட்டு முழுக்க ராட்சசன்கள்.

கறுப்பு வெள்ளைத் தடிப் புத்தகங்கள் பிரிட்டிஷ் பதிப்பாளர்களுடையவையாக இருக்கலாம். அவை மறுபதிப்புகள், உள்ளே தேதி இருக்காது. ஆனாலும் ஒதுக்கிவிடாதீர்கள். வண்ணம் இல்லாததால் கிர்பியின் கோடு அப்படியே தெரியும்.

அட்டை இல்லாத நாலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதில் செத்தவன் எழுந்து வருவது, ரத்தக்காட்டேரி இதெல்லாம் இருக்கிறதா? இருந்தால் 1955-க்கு முந்தையது. 1954-இல் அமெரிக்காவில் செனட் விசாரணை நடந்து, காமிக்ஸ் கம்பெனிகள் தாங்களே ஒரு தணிக்கை விதியை வைத்துக்கொண்டன. தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்கள் கூடாது, பிணம், காட்டேரி, ஓநாய் மனிதன் கூடாது. பிரிட்டனிலும் 1955-இல் சட்டம் போட்டுப் பேய்க் காமிக்ஸைத் தடுத்தார்கள். பேயை விரட்டிய இடத்தில்தான் விண்வெளி ராட்சசன் வந்து நின்றான். உங்கள் வண்ணப் புத்தகங்களின் அட்டையில் தபால்தலை மாதிரி ஒரு முத்திரை இருக்கும், அது அந்தத் தணிக்கையின் ஒப்புதல்.

விலைப்பட்டியல் நண்பன்:

ஃபின் ஃபாங் ஃபூம் கையில் இருக்கிறது என்றால் உடனே அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கிப் பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துவிடுங்கள். பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுத் தருவார்கள், விற்கும்போது அதுதான் பேசும்.

பள்ளத்தூர் வளவு:

நன்றி அண்ணே. சீல் வைத்தால் திறந்து படிக்க முடியாதே. அப்பச்சி தினமும் சாயங்காலம் கேட்கிறார், “எடு, அந்த மரம் வருகிற கதையை எடு” என்று. எனக்கு அந்தச் சீல் வேண்டாம்.

தாளும் நூலும்:

தம்பி, நான் பழைய நூல்களைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் முறை இருக்கிறது.

இந்தத் தாள் மரத்தை அப்படியே அரைத்துச் செய்தது. அதில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் தாளை உள்ளிருந்தே பழுப்பாக்கி நொறுங்க வைத்துவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரம். உங்கள் வீட்டின் கனமான சுவரும் உள்அறையின் குளிர்ச்சியும் இவ்வளவு காலம் காப்பாற்றியிருக்கின்றன. ஓடு ஒழுகுகிறவரை அந்த அறைக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

பக்க மூலை ஒன்றை மிக மெதுவாக, கொஞ்சமே வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பினால் கையில் எடுத்துப் படிக்கலாம். அப்பளம் போல நொறுங்கப் பார்த்தால் அந்தப் புத்தகத்தை இனி விரிக்கவே வேண்டாம். மிருதுவான தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசு தட்டுங்கள். இராமபாணப் பூச்சி முதுகு மடிப்பில்தான் இருக்கும். அந்துருண்டை போடாதீர்கள். செலோடேப் கூடவே கூடாது, அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். துருப்பிடித்த பின்னை நீங்களாகப் பிடுங்க வேண்டாம், மடிப்பு கிழிந்துவிடும்.

ஒவ்வொன்றையும் பாலியெஸ்டர் உறையில், பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்துப் போடுங்கள். மைலார் என்று கேட்டால் தெரியும். கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுத்து மையை இழுக்கும். இரும்பு பீரோவில், தரையையும் வெளிச்சுவரையும் ஒட்டாமல், படுக்கையாக அடுக்குங்கள். சிலிக்கா ஜெல் போட்டு, அதை அவ்வப்போது மாற்றுங்கள்.

மகளுக்கு: 22 புத்தகத்தையும் பாதி மட்டும் திறந்து, மேலிருந்து போனில் படம் எடுத்து, அச்சடித்து ஒரு கட்டாகத் தைத்துக் கொடுங்கள். அதை அவள் கிழித்தாலும் பரவாயில்லை. அசலை அப்பச்சி மடியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

லேமினேஷன் ஆனதை உரிக்க முயல வேண்டாம். உதிர்ந்த தாள்களை வரிசைப்படுத்தித் தனி உறையில் வையுங்கள். பென்சில் எழுத்தை யாரும் அழித்துவிடக் கூடாது.

உங்கள் பக்கத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா இருந்தாரே. அவர் தமிழ்ப் புத்தகத்தோடு நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் சேர்த்தார். இன்று அவர் பெயரில் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே நடக்கிறது. அந்தச் சீனப் பத்திரிகைத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

பள்ளத்தூர் வளவு:

இல்லை, இருக்கிறது. சணலும் இருக்கிறது. இரண்டையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் அப்பச்சியும் நானும் முகப்பில் பாய் விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மரம் வருவது 13-ஆம் இதழ்தான், நவம்பர் 1960. டிராகன் 89-தான், எம்சி பெட்டியும் இருக்கிறது.

அட்டை இல்லாததில் ஒன்றின் அடியில் ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’, 1953 என்று இருக்கிறது. உள்ளே புதைகுழியிலிருந்து ஒரு கை வெளியே வருகிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு ஓரம் மை கரைந்து வெளுத்திருந்தது. பூச்சியோ தண்ணீரோ என்று அப்பச்சியிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: ராத்திரி அந்தக் கை தெரியக் கூடாது என்று அப்பத்தா அதன் மேல் வெற்றிலையை வைத்து மூடிக் கொடுப்பார்களாம். ஈர வெற்றிலை. உற்றுப் பார்த்தால் நரம்பு ஓடியது தெரிகிறது.

மைலார் உறை 25 சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து நாளைக்கு இங்கே போடுகிறேன்.

இரும்புக்கை ரசிகன், காரைக்குடி:

போடுங்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை நானே பள்ளத்தூர் வரலாமா? அப்பச்சியிடம் கேட்டுச் சொல்லுங்கள். உறை வந்து சேரும்வரை என்னிடம் உள்ள மைலார் உறை பத்து கொண்டுவருகிறேன், முதலில் அந்த 1953-க்குப் போட்டுவிடலாம்.