டிரம் மெஷின் வாங்கணும்: ஏழு எண்ணிக்கையும் வேணும், பம்பையும் வேணும்

சத்துவாச்சாரி கீபோர்டு:

வணக்கம். சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆடி மாதம் வந்தால் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பேன். மற்ற நாட்களில் கடை அடைத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடி ரூமில் அம்மன் பாட்டு ரெக்கார்டிங். இதுவரை தாளம் எல்லாம் கீபோர்டுக்குள் இருக்கும் ரிதம்தான். போன ஆடிக்கு நான்கு பாட்டு முடித்து, பாடின அக்காவிடம் போட்டுக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, சாமி எப்ப வரும்?" என்று கேட்டார். அதோடு எனக்குக் கீபோர்டு ரிதம் வெறுத்துவிட்டது.

கம்ப்யூட்டரில் செய்யலாமே என்பீர்கள். கடையில் ஓய்வு கொடுத்த பழைய மெஷின், 4 ஜிபி ராம். டிரம் சாஃப்ட்வேர் ஏற்றினால் மூன்றாவது டிராக்கிலேயே விக்குகிறது. அப்புறம், பகல் முழுக்க மவுஸ் பிடித்த கை ராத்திரியும் அதைத் தொட மாட்டேன் என்கிறது. கையால் தட்டுகிற பெட்டிதான் வேண்டும்.

எனக்கு வேண்டியது: மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடை, மிஸ்ர சாப்பு, அதாவது தகிட தகதிமி என்று ஏழு. கிக்கை, அதாவது காலால் அடிக்கிற பெரிய டிரம் சத்தத்தை, தனி டிராக்கில் எடுக்க முடிய வேண்டும். முடிந்தால் பம்பைச் சத்தம். சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புகிற ஆடியோ இன்டர்ஃபேஸில் இரண்டே இன்புட். சீட்டு எடுத்த பணம் கொஞ்சம் இருக்கிறது, பழசு கிடைத்தாலும் சரி. கோர்க் வோல்கா பீட்ஸ், அலெசிஸ் எஸ்ஆர் 16, ரோலண்ட் டிஆர் 6எஸ், ஆர்ட்டூரியா டிரம்புரூட் இம்பாக்ட், இந்த நான்கையும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?

குடியாத்தம் பேட்:

அண்ணா, நான் கச்சேரியில் பேட் வாசிக்கிறவன். வீட்டில் எஸ்ஆர் 16 வைத்திருக்கிறேன். 90-களின் தொடக்கத்திலிருந்து வருகிற மாடல், பார்க்க டெலிபோன் மாதிரி இருக்கும், சிரிக்காதீர்கள். உங்கள் ஏழுக்கு அதுதான் சுலபம். பேட்டர்னுக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் தாளச் சுற்றுக்கு, எத்தனை பீட் என்று சொல்லிவிட்டால் போதும், ஏழு என்றால் ஏழிலேயே திரும்பி வரும். மேலே நீங்கள் தட்டிக்கொண்டே போகலாம். பட்டன் பன்னிரண்டும் விரல் வேகத்தைப் புரிந்துகொள்ளும். ஓங்கித் தட்டினால் ஸ்னேர் சத்தம் பெரிதாவதோடு தொனியும் மாறும். கட்டம் கட்டமாகப் பொத்தான் அமுக்கி நிரப்புகிற மெஷினில் அந்தச் சுகம் வராது. மெயின் அவுட் இரண்டு, ஆக்ஸ் (துணை) அவுட் இரண்டு இருக்கின்றன; கிக்கை ஆக்ஸ் பக்கம் தள்ளிவிட்டால் தனியாக வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இதற்கு 9 வோல்ட் ஏசி அடாப்டர். வழக்கமாக நாம் வைத்திருக்கிற 9 வோல்ட் டிசி இல்லை. நான் வாங்கின புதிதில் வீட்டில் கிடந்த பெடல் அடாப்டரைச் செருகிவிட்டு, மெஷின் செத்துவிட்டது என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் சுற்றினேன். பின்னால் உள்ள லேபிளைத் திருப்பிப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். பழசு வாங்கினால் இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு பேட்டர்ன் தட்டி வைத்து, வயரைப் பிடுங்கி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திரும்பப் போடுங்கள். பேட்டர்ன் காணோம் என்றால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ராணிப்பேட்டை லூப்:

ஃபோனில் ஆப் போட்டுத் தட்டினால் போதுமே சார், எதற்குச் செலவு?

சத்துவாச்சாரி கீபோர்டு:

அதையும் பார்த்தேன் சார். தட்டினதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் ஒரு பீடியே பற்ற வைக்கலாம் போலிருக்கிறது.

பாலாற்று மணல்:

குடியாத்தம் தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் எஸ்ஆர் 16-இல் வெளிச் சத்தம் எதையும் ஏற்ற முடியாது. உள்ளே இருக்கிற இருநூற்றுச் சொச்சம் சத்தத்தோடுதான் குடித்தனம். அக்கா கேட்ட சாமி அதில் வராது. டிரம்புரூட் இம்பாக்ட் முழுக்க அனலாக், மின்சுற்றே சத்தம் உண்டாக்கும், கிக் மார்பில் இடிக்கும், தனி அவுட்டும் உண்டு, ஆனால் அதிலும் சாம்பிள் ஏற்ற வழியில்லை. வோல்கா பீட்ஸுக்கு இருப்பதே ஒரே ஹெட்ஃபோன் ஓட்டை. அதன் ஸ்னேர் பட்டாணி கொட்டுகிற சத்தம், என் காதுக்கு.

உங்களுக்கு டிஆர் 6எஸ். எஸ்டி கார்டில் வேவ் ஃபைல் போட்டு ஏற்றலாம். யுஎஸ்பி வயர் ஒன்றே போதும், ஆறு டிராக்கும் கம்ப்யூட்டருக்குள் தனித்தனியாக இறங்கும். உங்கள் இன்டர்ஃபேஸில் இரண்டு இன்புட் என்ற கவலையே இல்லை. தாளச் சுற்றின் கடைசிக் கட்டம் எது என்று மாற்றினால் தாளம் மாறும். 16 கட்டத்தில் 12-இல் நிறுத்தினால் திஸ்ரம். எண்ணிக்கைக்கு இரண்டு கட்டம் வைத்து 14-இல் நிறுத்தினால் மிஸ்ர சாப்பு. தகிடவுக்கு ஆறு, தகதிமிக்கு எட்டு. 1-லும் 7-லும் அழுத்தம் வையுங்கள். மற்றதை எல்லாம் கொஞ்சம் அடக்கினால்தான் நடை வரும். எல்லாக் கட்டமும் ஒரே பலத்தில் அடித்தால் தையல் மெஷின்தான்.

யுஎஸ்பியில் கரண்ட் எடுத்துக்கொண்டே சாதா அவுட்டையும் மிக்சரில் செருகினால் சில கம்ப்யூட்டரில் 'கீய்ய்' என்று ஒரு கொசு பாடும். அப்போது யுஎஸ்பி ஆடியோவை மட்டும் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் நான்கு பென்சில் பேட்டரி போட்டு ஓட்டுங்கள்.

பம்பையை நானே எடுத்தேன். ரூமுக்குள் வாசித்தால் சுவரில் மோதித் தகரம் மாதிரி ஆகிவிடுகிறது. பாலாற்றுக்கே போய்விட்டோம். விருதம்பட்டுப் பக்கம், காலை ஐந்தரைக்கு, தண்ணீர் இல்லாத மணல். எதிரொலியே கிடையாது. பம்பைக்காரருக்கு இரண்டு அடி தள்ளி மைக். மர பம்பை தனியாக, பித்தளை பம்பை தனியாக, ஒவ்வொன்றிலும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பத்துப் பத்து அடி. ஒரே அடியை எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டால் மெஷின் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். இரண்டு மூன்று மாற்றி வையுங்கள். பாலத்தில் லாரி போகும்போது நிறுத்த வேண்டியிருந்தது, அது ஒன்றுதான் தொல்லை. ஆறு மணிக்கு மேல் காக்கை.

குடியாத்தம் பேட்:

அண்ணா, ஆறு டிராக்கில் கிக், ஸ்னேர், ஹேட் (ஜால்ரா மாதிரித் தட்டு) போக மூன்றுதானே மிச்சம்? பம்பைக்குப் போதுமா?

பாலாற்று மணல்:

அம்மன் பாட்டுக்கு ஹேட் எதற்குத் தம்பி? ஸ்னேரையும் தூக்குங்கள். கிக், மர பம்பையில் இரண்டு, பித்தளையில் இரண்டு, சிலம்பு ஒன்று. ஆறும் நிறைந்துவிட்டது.

சத்துவாச்சாரி கீபோர்டு:

முடிவு செய்துவிட்டேன். டிஆர் 6எஸ். எஸ்ஆர் 16-ஐயும் மனசு விடவில்லை. அடுத்த சீட்டு எடுத்தால் பார்க்கலாம். எங்கள் குழுவில் பம்பைக்காரர் இருக்கிறார். மணலுக்கு வாங்க என்றதும் "கல்யாணமா, கருமாதியா?" என்று கேட்டார், விளக்கிச் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஐந்தரைக்குப் போகிறோம். உடுக்கையை என்ன செய்வது அண்ணா? கயிற்றை அமுக்கும்போது சத்தம் வளைகிறதே, அதை ஒரு அடியில் எப்படிப் பிடிப்பது?

பாலாற்று மணல்:

பிடிக்காதீர்கள். உடுக்கையை மட்டும் கையாலேயே, பாட்டு முழுக்க வாசித்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு இன்புட்டில் ஒன்று அதற்குத்தான்.