மீன் எண்ணெய் தொடாத அம்மாவுக்கு ஒமேகா-3 எங்கே வாங்குவது?

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, கும்பகோணம், பிறந்ததிலிருந்தே சுத்த சைவம். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) 380. 150-க்குள் இருக்க வேண்டியது. எச்டிஎல் என்கிற நல்ல கொழுப்பு 36தான். சர்க்கரை இல்லை, தைராய்டும் சரி. உடம்புக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை. ஆனால் 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குப் பயமாகவே இருக்கிறது.

பொங்கலிலிருந்து இனிப்பு, வடை எல்லாம் நிறுத்தியாச்சு. ராத்திரி சோறு பாதிதான். இட்லிக்கு ஆளிவிதைப் பொடி, சாயங்காலம் வால்நட். 430-லிருந்து 380-க்கு இறங்கி அப்படியே நிற்கிறது.

ஆளிவிதையில் இருப்பது ஏஎல்ஏ என்ற ஒமேகா-3 வகை. அதில் மிகச் சிறு பங்கைத்தான் உடம்பு இபிஏ, டிஎச்ஏ என்ற வேறு இரண்டு ஒமேகா-3 வகைகளாக மாற்றுகிறது. ட்ரைகிளிசரைடைக் குறைப்பவை அந்த இரண்டும்தான், அதுவும் நாளுக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும். டாக்டரும் மாத்திரையோடு 2 கிராம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். மீன் எண்ணெயை அம்மா தொடமாட்டார், விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆன காப்ஸ்யூல் உறையும் அவருக்கு ஆகாது. கட்டாயப்படுத்த எனக்கு மனமில்லை, அது அவர் வாழ்நாள் பழக்கம்.

மீனுக்கே ஒமேகா-3 பாசியிலிருந்துதான் வருகிறது என்பதால் நுண்பாசி எண்ணெய் தேடினேன். தஞ்சாவூர் வரை மருந்துக்கடைகளில் கேட்டாச்சு. கிடைத்ததில் டிஎச்ஏ 200 மி.கி. மட்டும், இபிஏ இல்லை. அந்தக் கணக்கில் தினம் 10 காப்ஸ்யூல் விழுங்கணும்.

இபிஏ, டிஎச்ஏ இரண்டும் கூடுதலாக உள்ள, ஜெலட்டின் இல்லாத நுண்பாசி எண்ணெய் தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கும்?