அசைன்மென்ட்டில் லெக்சரர் எழுதிய வரி: உங்களை எழுப்பியதா, உட்கார வைத்ததா?

சுங்கை சிப்புட் அக்கா:
செமஸ்டர் லீவில் ஊருக்கு வரும் யூனி பிள்ளைகள் எங்கள் டியூஷன் சென்டருக்கு ஒத்தாசைக்கு வருவார்கள். என்ன பேசினாலும் பேச்சு கடைசியில் அசைன்மென்ட்டுக்குத்தான் போகும். எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியான காந்தி கலாசாலையில் முன்பு படித்த பிள்ளை ஒருத்தி போனை நீட்டினாள். பன்னிரண்டு பக்கம் எழுதியதற்கு அடியில் ‘குராங் கிரிட்டிக்கல்’ என்று மலாயில் இரண்டே சொல்; விமர்சனப் பார்வை போதவில்லை என்று அர்த்தம். “என்ன குறைன்னு சொல்லவே இல்லக்கா. எனக்கெல்லாம் யூனி சரிப்பட்டு வராதோ?” அந்தப் பாடத்தின் அடுத்த அசைன்மென்ட்டைக் கடைசி ராத்திரி வரை தொடவில்லையாம்.

அவளுக்கே இன்னொரு பாடத்தில் ஓரமாக இப்படி வந்திருந்தது: ‘மூன்றாம் பத்தியில் நீ சொன்னதற்கு எதிர்க்கருத்து உண்டு. அதையும் போட்டு, ஏன் ஏற்கவில்லை என்று எழுதிப் பார்.’ இரண்டுக்கும் மார்க் பி தான். இதை மட்டும் லீவில் உட்கார்ந்து திருத்தி எழுதுகிறாள், யாரும் கேட்காமலே. உங்களுக்கு எப்படி?

பால்மரக்காடு:
அப்பாவுக்கு செம்பனைத் தோட்டத்துல வேலை. ரிசல்ட் வந்தா அவர் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, “பாயிண்டர் (மொத்த மார்க் சராசரி) எவ்ளோ?” ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்தா பிடிபிடிஎன்ங்கிற அரசாங்கப் படிப்புக் கடன் விலக்குக்கு மனு போடலாம்னு அவருக்கும் தெரியும். கமென்ட்டா? மார்க்கைப் பாத்ததும் மூடிருவேன்.

பி.எட். மாணவி:
பால்மரக்காடு சொல்வது புதிதில்லை. ரூத் பட்லர் என்ற கல்வி உளவியல் ஆய்வாளர் 1988-இல் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வை எங்களுக்குப் பாடமாக வைத்தார்கள். கருத்து மட்டும் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. மார்க்கோடு சேர்த்துக் கருத்து வாங்கியவர்களில், படிப்பில் பின்தங்கியவர்களின் ஆர்வம் இறங்கிவிட்டது. மார்க் பக்கத்தில் இருந்தால் கருத்து எடுபடுவதில்லை.

அக்கா, அந்தப் பிள்ளை ‘எனக்கெல்லாம் சரிப்பட்டு வராதோ’ என்றாளே, அதுதான் முக்கியம். குளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் திரட்டி 1996-இல் எழுதியதில், பின்னூட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செயல்திறனைக் குறைத்தே இருக்கின்றன. கவனம் வேலையை விட்டுத் ‘தான்’ பக்கம் திரும்பினால் பலன் குறையும் என்பது அவர்கள் விளக்கம்.

பழைய ஃபைனல் இயர்:
அதுக்காக இனிப்பாச் சொன்னாத்தான் படிப்பாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க. என் எஃப்ஒய்பி (கடைசி வருஷ ஆய்வேடு) முதல் அத்தியாயத்த சூப்பர்வைசர் குறுக்கால கோடு போட்டு அடிச்சிட்டாரு. கையோட ரூமுக்குக் கூப்பிட்டு, “உன் கேள்வி நல்லாருக்கு, தலைப்புதான் ரொம்பப் பெருசு. உங்க ஊரு ரப்பர் சிறுதோட்டக்காரங்கள மட்டும் எடுத்துக்கோ”ன்னாரு. திட்டு வாங்கின மாதிரியே இல்ல. அன்னிக்கே ஒட்டுக்கடையில உக்காந்து அவங்ககிட்ட கேக்க வேண்டிய கேள்விப் பட்டியலத் தயார் பண்ணினேன்.

சுங்கை சிப்புட் அக்கா:
ஆளைக் கூப்பிட்டுப் பேச எல்லா லெக்சரருக்கும் நேரம் இருக்காது தம்பி, ஒரு வகுப்பில் அத்தனை பேர். அதனால் அவளையே கேட்கச் சொன்னேன். ‘எந்தப் பத்தி என்று காட்ட முடியுமா டாக்டர்?’ என்று மெயில் போட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.