ஸ்போர்ட்டிங் 2024-25: அமோரிம் போன பிறகும் ரெண்டு கிண்ணம் எப்படி?

ஈசூன்_90+
போர்ச்சுகல் காற்பந்து அணி லிஸ்பன் ஸ்போர்ட்டிங்கோட 2024-25 பருவத்தை ஆட்டம் ஆட்டமாகப் பார்த்துக்கிட்டு வர்றேன். மூணு இடத்துல முட்டுது. பயிற்றுவிப்பாளர் ரூபன் அமோரிம் லீக்கில் 11க்கு 11 ஜெயிச்சுக் கொடுத்துட்டு நவம்பர்ல மான்செஸ்டர் யுனைடெட் போனதும் ஏன் அப்படிச் சரிஞ்சது? சாம்பியன்ஸ் லீக்கில் எட்டில் மூணுதான் வெற்றி, அப்புறம் எப்படி அடுத்த கட்டம்? லீக்கில் கடைசிச் சுற்றுக்கு முன்னாடி பென்ஃபிக்காவும் ஸ்போர்ட்டிங்கும் 79 புள்ளியில சமம். கோல் வித்தியாசத்துல ஸ்போர்ட்டிங் முன்னால இருந்துச்சுன்னு கோப்பிக்கடையில சொல்றாங்க, அதுதானா?

தெம்பனிஸ்_விங்பேக்
கடைசிக் கேள்வி சுலபம். கோல் வித்தியாசம் இல்லை. இபிஎல் (இங்கிலீஷ் பிரீமியர் லீக்) பார்த்துப் பழகின கண்ணுக்கு அப்படித்தான் தோணும். போர்ச்சுகல் லீக்கில் புள்ளி சமமானா, அந்த ரெண்டு அணியும் தங்களுக்குள்ள ஆடின ஆட்டங்களைத்தான் முதல்ல பார்ப்பாங்க. டிசம்பர் 29, ஸ்போர்ட்டிங்கோட அல்வலாடே அரங்கில் அவங்க ஆளு ஜெனி கட்டாமோ கோல், 1-0. மே 10, பென்ஃபிக்காவோட லூஸ் அரங்கில் 1-1: ஸ்போர்ட்டிங்குக்கு டிரின்காவ் 4வது நிமிடம், பென்ஃபிக்காவுக்கு அக்துர்கோலு 63வது நிமிடம். ஆக 4 புள்ளிக்கு 1.

அதனால மே 17 கடைசிச் சுற்றுல பென்ஃபிக்கா ஜெயிச்சா மட்டும் போதாது, ஸ்போர்ட்டிங் சறுக்கவும் வேணும். ஸ்போர்ட்டிங் விட்டோரியா கிமராயிஷை 2-0ன்னு முடிச்சது, பென்ஃபிக்கா பிராகாவில் 1-1. 82க்கு 80. விதியைத் தொடவே வேண்டியிருக்கல.

கோப்பி_ஓ_கொசோங்
கோல் வித்தியாசம் உண்மையிலேயே காப்பாத்தினது ஐரோப்பாவுல, அதாவது சாம்பியன்ஸ் லீக்கில். 36 அணி, ஆளுக்கு 8 ஆட்டம். முதல் 8 இடம் நேரா உள்ளே, 9 முதல் 24 வரை பிளே-ஆஃப் (உள்ளே போக இன்னொரு மோதல்), மிச்சம் வீட்டுக்கு.

முதல் நாலு ஆட்டம்: லீல் 2-0, பிஎஸ்வி 1-1, ஸ்டர்ம் கிராஸ் 2-0, மான்செஸ்டர் சிட்டி 4-1. பத்துப் புள்ளி. அடுத்த நாலு: ஆர்சனல் 1-5, கிளப் புரூஜ் 1-2, லைப்சிக் 1-2, போலோன்யா 1-1. ஒரே புள்ளி! மொத்தம் 11. அதே 11ல இன்னும் மூணு அணி: கோல் வித்தியாசம் சிட்டி +4, புரூஜ் -4, டினாமோ ஸாக்ரெப் -7. ஸ்போர்ட்டிங் +1. அதனால 23வது இடம். ஸாக்ரெப் 25, வெளியே.

சிட்டி ஆட்டத்தை (நம்ம சிங்கப்பூர் நேரம் நவம்பர் 6, விடியக்காலை 4 மணி) மறுபடி பார்த்தா ஸ்கோர் கொஞ்சம் ஏமாத்துதுன்னு தெரியும். 4வது நிமிடமே சிட்டியோட ஃபோடன் கோல், அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஆட்டம் சிட்டி கையில. 38ல ஸ்போர்ட்டிங்கோட முன்கள ஆட்டக்காரர் கியோக்கரெஸ் சமன் செய்தார். இடைவேளை முடிஞ்ச ஒரு நிமிடத்துக்குள்ள அராவ்ஹோ கோல், 49ல கியோக்கரெஸ் பெனால்டி. சிட்டியோட ஹாலண்ட் அடிச்ச பெனால்டி குறுக்குக் கம்பத்துல அடிச்சது. 80ல கியோக்கரெஸ் இன்னொரு பெனால்டி. ஆனா அந்த +3 இல்லேன்னா ஆர்சனல்கிட்ட வாங்கின அஞ்சுக்கு ஈடு எங்கே?

23வது இடத்துக்கு ஒரு விலை உண்டு: எதிராளி 9 இல்லேன்னா 10வது இடத்துக்காரர். வந்தது டோர்ட்முண்ட். சொந்த மண்ணுல 0-3, அங்கே போய் 0-0. முடிஞ்சது.

செம்பவாங்_அண்ணே
சரிவைப் பயிற்றுவிப்பாளர் தலையில மட்டும் கட்டாதீங்க தம்பி. அமோரிம் இருந்தப்பவே, ஆகஸ்ட்ல போர்த்தோவோட சூப்பர் கிண்ணத்துல 3-0ன்னு முன்னால இருந்து 3-4ன்னு தோத்தாங்க. நுனோ சாண்டோஸ், பெட்ரோ கொன்சால்வ்ஸ் ரெண்டு பேரும் அவர் காலத்துலயே காயம். கியோக்கரெஸ் விங் பக்கம் ஓடி உள்ளே வெட்டுற ஆளு. அந்த ஓட்டத்துக்குச் சரியான நேரத்துல பந்து போடணும். கொன்சால்வ்ஸ் இல்லாதப்போ அந்தப் பந்து குறைஞ்சுதுங்கறது என் கணிப்பு.

அமோரிமுக்குப் பதிலா, கிளப்போட பி அணியிலிருந்து (இரண்டாம் அணி) வந்த பயிற்றுவிப்பாளர் ஜுவாவ் பெரேராவுக்கு மொத்தமே எட்டு ஆட்டம். நடுவுல ஆர்சனல், சாண்டா கிளாரா, மொரெய்ரென்ஸ், புரூஜ்னு வரிசையா நாலு தோல்வி. கிறிஸ்துமஸ் நேரத்துல வேலை போச்சு. அடுத்து வந்த ரூய் போர்ஜஸ் முதல்ல நாலு தற்காப்பாளர்களோட 4-4-2 ஆடினார். ஜனவரி தொடக்கத்துல, தான் விட்டு வந்த கிமராயிஷ்கிட்டயே 4-4. லீக் கிண்ண இறுதியில பென்ஃபிக்காவோட பெனால்டியில தோல்வி. அப்புறம்தான் பழையபடி மூணு தற்காப்பாளர்களுக்குத் திரும்பினார். எனக்கு அவர் செஞ்ச பெரிய காரியமே அதுதான். கியோக்கரெஸ் லீக்கில் மட்டும் 39 கோல்.

போர்ச்சுகல் கிண்ண இறுதி, மே 25. பென்ஃபிக்கா 1-0ன்னு முன்னால. காயங்களுக்கான கூடுதல் நேரத்துல பென்ஃபிக்காவோட ரெனாட்டோ சாஞ்செஸ் கியோக்கரெஸை வீழ்த்த, அதோட 11வது நிமிடத்துல பெனால்டி கோல், 1-1. அப்புறம் ஹார்டர், டிரின்காவ், 3-1. 2001-02க்கு அப்புறம் இதுதான் அவங்களுக்கு ஒரே பருவத்துல லீக்கும் கிண்ணமும்.

ஈசூன்_90+
நன்றிண்ணே. சிட்டி ஆட்டத்தை நான் நவம்பர் 5ன்னு தேடிக்கிட்டு இருந்தேன்.

தெம்பனிஸ்_விங்பேக்
அங்கே 5, நமக்கு 6, ப்ரோ. லிஸ்பன் நேரத்தோட குளிர்காலத்துல 8 மணி நேரம் கூட்டுங்க, மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 7. இரவு 8 மணி ஆட்டம் நமக்கு 4 மணி இல்லேன்னா 3 மணி, எப்பவும் அடுத்த நாள் தேதியில.