ஸாலிங்கர் எலும்பையே பார்க்கவில்லையாம்!

தாளடுக்கு:
பக்கத்துத் திரியில் ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: "ஐம்பது, அறுபதுகளில் வந்த டைனோசர் புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். படம் போட்டவர்கள் எலும்பையே பார்க்காதவர்கள். வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற டி-ரெக்ஸ் எல்லாம் சுத்தச் சோம்பேறித்தனம்." நேற்று ராத்திரி படித்தது. காலையில் காபி குடிக்கும்போதும் எரிச்சல் அடங்கவில்லை.

என்னிடம் 1960இல் வந்த கோல்டன் புக் வரிசை டைனோசர் புத்தகம் இருக்கிறது, ருடால்ஃப் ஸாலிங்கர் படம் போட்டது. அட்டை கிழிந்ததால் முதுகில் துணி ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த ஸாலிங்கர் யார் என்று மேதாவிக்குத் தெரியுமா? யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் 110 அடி நீளம், 16 அடி உயரச் சுவர் முழுக்க 1943 முதல் 1947 வரை டைனோசர் தீட்டியவர். ஆரம்பிக்கும் முன் ஆறு மாதம் பேராசிரியர்களிடம் மாணவன் மாதிரி உட்கார்ந்து பாடம் கேட்டார். அந்தச் சுவருக்கு எதிரிலேயே பிரான்டோசாரஸ் என்கிற நீள்கழுத்து டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. எலும்பைப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் சாரத்தில் ஏறியிருக்க வேண்டும்.

எலும்பன்:
அந்த மேதாவி நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

"எலும்பையே பார்க்காதவர்கள்" என்பது ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதைப் பிடித்துத் தொங்காதீர்கள். வால்தான் விஷயம். 1938இல் புதைபடிவம் தேடுகிற ரோலண்ட் பேர்ட் டெக்சாஸில் பலக்ஸி ஆற்றுப் படுகையில் தடங்களைப் பார்த்தார். குளிக்கிற தொட்டி அளவுக்கு நீள்கழுத்து மிருகத்தின் தடம், பக்கத்திலேயே ஊனுண்ணியின் மூன்று விரல் தடம். வரிசையாகப் போகின்றன. வால் இழுபட்ட கோடு இல்லை. 1940இல் பாறையோடு பெயர்த்து எடுத்தார்கள். ஸாலிங்கர் சுவரில் கை வைத்தது 1943. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வால் தரையில் கிடந்தது என்றால் கோடு எங்கே?

சும்மா படிப்பவன்:
ஒரு சந்தேகம். தவறு என்றால் இன்றைய அறிவுக்குத் தவறா, அன்றைய அறிவுக்குத் தவறா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை மிச்சம்.

கோட்டோவியன்:
பாடப்புத்தகத்துக்குப் படம் போட்டே இருபது வருடம் ஓட்டியவன் நான். ஓவியன் வாலை எங்கே வைப்பது என்று தானாக முடிவு செய்வதில்லை. பென்சில் ஸ்கெட்ச் போகும், சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வரும். ஒருமுறை தவளையின் முன்னங்காலுக்கு ஐந்து விரல் போடச் சொன்னார் ஒரு நிபுணர். நான்குதான் சார் என்றேன். "சொன்னதைப் போடுங்கள்" என்றார். போட்டேன். புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது, அவர் பெயர் இல்லை.

ஸாலிங்கருக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. அருங்காட்சியக இயக்குநருக்குக் கடற்பாசி வரைந்து கொடுத்துக்கொண்டிருந்த பையன். அவன் போய் யேல் பேராசிரியரிடம் "ஐயா, டெக்சாஸில் கோடு இல்லையாம்" என்று சொல்வானா? நியூயார்க்கில் 1915இல் டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டை நிறுத்தியபோதே நெட்டக்குத்தலாக, வாலைத் தரையில் விட்டுத்தான் நிறுத்தினார்கள். இரண்டு விரல் கைக்கு, அலோசாரஸ் என்கிற இன்னொரு ஊனுண்ணி மாதிரி மூன்று விரல் வேறு. அந்த நிற்பு தொண்ணூறுகளில்தான் மாறியது. எலும்பைப் பார்த்து வரைந்ததால்தான் ஐயா வால் தரையில் இருக்கிறது!

எலும்பன்:
உங்கள் தவளைக்கு என் அனுதாபங்கள். சிவப்பு மைக்குப் பயந்தவர் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், நான் என்ன சொல்வது.

பயப்படாத ஆளும் இருந்தார். ஓவியர் சார்ல்ஸ் நைட். 1897இல் லேலாப்ஸ் என்கிற ஊனுண்ணி டைனோசர் இரண்டு சண்டை போடுகிற படம் வரைந்தார். ஒன்று மல்லாந்து கிடக்கிறது, இன்னொன்று ஆகாயத்தில் பாய்கிறது. வால் காற்றில். சின்ன வயதில் கல்லடி பட்டு ஒரு கண் கெட்டவர், மற்றக் கண்ணும் மங்கல். படத்தாளுக்கு மூக்கை ஒட்டி வைத்து வரைந்தவர். அவருக்குத் தெரிந்தது, இரண்டு கண்ணும் நன்றாக இருந்தவருக்கு ஐம்பது வருடம் கழித்தும் தெரியவில்லை.

என் கேள்விக்குப் பதில் வரவில்லை. கோடு எங்கே?

தாளடுக்கு:
நைட்டை இழுக்காதீர்கள், உங்களுக்கே ஆபத்து. அந்தப் பாய்ச்சலுக்கு யோசனை சொன்னவர் எட்வர்ட் கோப், விஞ்ஞானி. அதே நைட் வரைந்த பிரான்டோசாரஸைப் பாருங்கள், சதுப்பு நீரில் சாவகாசமாக ஊறிக்கொண்டிருக்கும். யார் பக்கத்தில் நின்று சொல்கிறார்களோ, அப்படித்தான் படம்.

உங்கள் பேர்டையே கேட்போம். டெக்சாஸில் இன்னொரு பண்ணையில் முன்னங்கால் தடங்கள் மட்டும் வரிசையாக வந்தன. அவர் என்ன சொன்னார்? மிருகம் தண்ணீரில் மிதந்தபடி முன்னங்காலால் உந்திப் போயிருக்கிறது என்றார். தடத்தைத் தோண்டியவரே மிதந்தது என்று நம்பிய காலம். மிதந்தால் வால் எப்படிக் கோடு போடும்? கோடு எங்கே, கோடு எங்கே என்கிறீர்களே, தண்ணீரில்தான்.

எலும்பன்:
நீள்கழுத்து மிதந்தது, சரி. பக்கத்தில் போன மூன்று விரல்காரரும் மிதந்தாரா? டியூப் போட்டுக்கொண்டா?

கோட்டோவியன்:
கனெக்டிகட் பள்ளத்தாக்குத் தடங்களைப் படித்தவர்களைக் கேளுங்கள். யேலுக்குக் கூப்பிடு தூரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவியல் பேராசிரியர் ஹிட்ச்காக் சேர்த்தவை. அதில் வால் பதிந்த தடமும் உண்டு. ஸாலிங்கருக்குப் பாடம் எடுத்த ரிச்சர்ட் லல் அந்தத் தடங்களைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். அவர் கண் முன்னால் கோடு இருந்தது சார். கோடு அங்கே.

எலும்பன்:
ஆயிரக்கணக்கான தடத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய கோடு. நானும் வேட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்த நாட்கள் உண்டு. அதற்காக என் படத்தை எப்போதும் அப்படியே வரைவீர்களா?

1878இல் பெல்ஜியத்தில் பெர்னிசார் சுரங்கத்தில் கிடைத்த இகுவானடான் என்கிற தாவர உண்ணி டைனோசரின் கதை தெரியுமா? லூயி டொல்லோ 1882இல் கங்காரு மாதிரி நிறுத்தினார். வாலை ஊன்றுகோலாக்கிய மூன்று கால் நிற்பு. 1980இல் டேவிட் நார்மன் சோதித்துப் பார்த்தார். அதன் வாலை ஒட்டி எலும்பாகவே இறுகிப்போன தசைநாண்கள் இருந்தன. குச்சி மாதிரி விறைப்பு. டொல்லோ வளைத்தபடி வளைய வேண்டுமென்றால் வாலை உடைக்க வேண்டும். நூறு வருடம் பிள்ளைகள் உடைந்த வாலைத்தான் பார்த்து வளர்ந்தார்கள்.

தாளடுக்கு:
நிறுத்தியது டொல்லோ. அடி மட்டும் ஓவியருக்கா? நீங்கள் சொல்வது எல்லாம் விஞ்ஞானிகளின் தப்பு. இதைத்தானே முதலிலிருந்து நாங்கள் சொல்கிறோம்!

எலும்பன்:
1938. 1943. மறுபடியும் எண்ணுங்கள்.

குன்னத்தான்:
எத்தனை நாளைக்கு அமெரிக்காக்காரன் வாலையே பிடித்துக்கொண்டிருப்பீர்கள்? அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸ் உலகத்திலேயே பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று பேசுகிறார்கள். அதற்கு ஒரு குழந்தைப் புத்தகத்திலாவது முழுப்பக்கப் படம் உண்டா? அதைப் பற்றி ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

எலும்பன்:
எப்படி வரைவது அண்ணே? 1987இல் அறிவித்தபோது அது ஊனுண்ணி என்றார்கள், அப்புறம் நீள்கழுத்து என்றார்கள். எலும்பு மழையிலும் ஈரத்திலும் பொடிந்து போய்விட்டது. 2022இல் பழைய போட்டோக்கள் வெளியாகும் வரை சில கோட்டுப்படங்கள்தான் மிச்சம். இதற்கு முழுப்பக்கப் படம் போட்டால் அதுதான் எலும்பைப் பார்க்காமல் வரைவது.

உங்களிடம் பெருமைக்கு எப்போதும் குறைவில்லை. 2020இல் குன்னம் பக்கத்தில் "டைனோசர் முட்டை" என்று வாட்ஸாப்பில் ஓடியபோது இந்தத் தளத்தில் முதலில் போட்டது யார்? கடைசியில் அது முட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை, அம்மோனைட் என்கிற பழங்காலக் கடல்பிராணியின் ஓட்டைச் சுற்றி இறுகிய உருண்டை என்றார்கள். இன்னும் அந்தப் பதிவை எடுக்கவில்லை நீங்கள்.

குன்னத்தான்:
அம்மோனைட் என்றால் மட்டமா? எங்கள் ஊர் கடலாக இருந்ததற்குச் சாட்சி அது. முட்டை என்று சொன்னது டிவிக்காரன். நான் பகிர்ந்தேன், அவ்வளவுதான். மன்னிப்பு எல்லாம் கேட்க முடியாது.

மூன்றாம்பிறை:
அண்ணன்மார்களே, ஒரு அம்மாவாகக் கேட்கிறேன். ஏழு வயதுப் பையனுக்கு எதை வாங்கித் தருவது? இப்போது வருகிற புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் இறகு ஒட்டியிருக்கிறது. கோழி மாதிரி இருக்கிறது என்று கையில் எடுக்க மாட்டேன் என்கிறான். என் மாமனார் வைத்திருந்த பழைய புத்தகத்தில் பூரியான் வரைந்த பிராக்கியோசாரஸ் இருக்கிறது, ஏரிக்கு அடியில் நின்றுகொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டுமே, அதைத்தான் ராத்திரி படுக்கையில் வைத்துப் பார்க்கிறான்.

எலும்பன்:
இறகு சும்மா ஒட்டியதில்லை. 1996இல் சீனாவில் சைனோசாரோப்டெரிக்ஸ் என்கிற இறகு டைனோசர் கிடைத்ததிலிருந்து கல்லிலேயே தெரிகிறது. அதன் வாலில் செம்பழுப்புப் பட்டை இருந்ததைக்கூட 2010இல் கண்டுபிடித்துவிட்டார்கள். வால் என்றதும் ஞாபகம் வருகிறது...

உங்கள் பூரியான் படமும் அதே கதைதான். அவ்வளவு ஆழத்தில் நின்றால் நீரழுத்தத்தில் மூச்சே இழுக்க முடியாது என்று 1951இலேயே விஞ்ஞானி கெர்மாக் எழுதிவிட்டார். 1956இல் ஆங்கிலத்தில் வந்த பூரியான் புத்தகத்தில் மிருகம் அசையாமல் அங்கேயே நிற்கிறது.

சும்மா படிப்பவன்:
அதன் வாலும் தண்ணீருக்குள்தானே இருக்கிறது, கோடு விழாது. சரி, என் கேள்வி: அன்றைய அறிவா, இன்றைய அறிவா?

தாளடுக்கு:
மூன்றாம்பிறை, பையன் கையிலிருந்து அந்தப் புத்தகத்தை யார் சொன்னாலும் பிடுங்காதீர்கள்.

என் பிரதியின் டி-ரெக்ஸ் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன், நிதானமாகப் பாருங்கள். தோலின் மடிப்பு, தொடையில் விழுகிற வெயில். இந்த உடம்பை வரைந்தவரைச் சோம்பேறி என்பவர் ஒரு பூனைக்குட்டியையாவது வரைந்து காட்டட்டும்.

எலும்பன்:
பார்த்தேன். அழகு. சரியாக வால் நுனியில் பூச்சி அரித்த ஓட்டை. வசதிதான்.

தாளடுக்கு:
மூர் மார்க்கெட்டில் என் அப்பா வாங்கியது. ஓட்டைக்கு நான் ரசீது வைத்திருக்க முடியாது.

கோட்டோவியன்:
எலும்பன் சார், பேர்டின் தடம் ஸாலிங்கர் கண்ணில் பட்டது என்பதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கிறதா? ஒரு கடிதம், ஒரு குறிப்பு?

எலும்பன்:
படவில்லை என்பதற்கு உங்களிடம் இருக்கிறதா?

இன்னொன்று. பீபாடியைப் புதுப்பித்து 2024இல் திறந்தார்களே, அந்தப் பிரான்டோசாரஸைக் கழற்றி மறுபடி நிறுத்தினார்கள். வால் எங்கே இருக்கிறது தெரியுமா? ஆகாயத்தில். ஸாலிங்கர் சுவருக்கு எதிரிலேயே! சொந்த வீட்டிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தாளடுக்கு:
சுவரைத் தொட்டார்களா? ஒரு அங்குலம்? வாலைத் தூக்கி வரைந்து சரி செய்தார்களா? இல்லையே. அப்படியே விட்டிருக்கிறார்கள். எலும்புக்கூட்டைத்தான் திருத்த வேண்டி வந்தது, ஓவியத்தை இல்லை. தீர்ப்பு யாருக்கு என்று நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

எலும்பன்:
காய்ந்த சுண்ணாம்புப் பூச்சில் தீட்டியதை எப்படித் திருத்துவது? முடியாததால் விட்டது மரியாதை ஆகிவிடுமா?

கோட்டோவியன்:
திருத்த முடியும். ரீடச் என்று ஒன்று இருக்கிறது. தொழில் தெரியாமல் பேசாதீர்கள்.

எலும்பன்:
தவளைக்கு ஐந்து விரல் போட்டவர் தொழில் பற்றிச் சொல்கிறார்.

கோட்டோவியன்:
இதை எதிர்பார்த்தேன். இனி உங்களுக்குப் பதில் கிடையாது.

எலும்பன்:
கோடு எங்கே என்பதற்கும் இதுவரை கிடையாதுதான்.

குன்னத்தான்:
இரண்டு நாள் வெளியூர் போயிருந்தேன். அந்த முட்டைப் பதிவைத் தேடிப் பார்த்தேன். அதில் முதல் விருப்பக்குறி போட்டிருப்பவர் எலும்பன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். போடவா?